ஒரு கன்னம் மட்டும் கழுவிய காலம்

விற்பனைப் பிரதிநிதிக்கு முதல் தகுதி, தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்வது. அந்தத் தகுதி எனக்கு ஏராளமாக இருந்தது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை கடை கடையாக லைன் போய் ஷாம்பூ, கிரீம், ஃபேஸ்வாஷ் விற்ற ஆள் நான். தோளில் சாம்பிள் பை சுமந்த நண்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மீதிக் கன்னம்

2011-ல் கம்பெனி முகம் தேய்த்துக் கழுவ ஒரு புது ஸ்க்ரப் இறக்கியது. வெள்ளைக் கிரீமுக்குள் கசகசா அளவில் நீல மணிகள். "இதை நல்லா ஓட்டிக் காட்டு, அடுத்த சூப்பர்வைசர் நீதான்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆறு வருஷம் பை தூக்கியவனுக்கு வேறென்ன வேண்டும்? கடை வாசலில் மக்கில் தண்ணீரோடு நின்று, வருகிறவர்களை ஒரு கன்னத்தை மட்டும் தேய்த்துக் கழுவச் சொல்வேன். கண்ணாடியைக் காட்டுவேன். மறு கன்னத்துக்காக டியூப் வாங்கியே ஆக வேண்டும். அந்த நீல மணியெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டால், "தண்ணியிலயே கரஞ்சிடும்" என்பேன். அப்படி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வாயில் வந்தது, கேட்க நன்றாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு டீச்சர் ஒரு கன்னம் கழுவி, கண்ணாடி பார்த்து, டியூப் வாங்காமலே கிளம்பினார். "மீதிக் கன்னம், மேடம்?" என்றேன்.

"நாளைக்கும் நீ இங்கதான இருப்ப? அப்ப வந்து கழுவிக்கிறேன்."

வலையில் வந்த சரக்கு

என் மனைவியின் தம்பி சேகர் பரங்கிப்பேட்டையில் படகு வைத்திருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கரையில் உட்கார்ந்து வலையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நாலே நாலு நண்டு. மற்றபடி காலி ஷாம்பூ பாக்கெட்டாக மாட்டியிருந்தது. அவன் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போடப் போட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் கம்பெனியுடையதையும் மற்ற கம்பெனியுடையதையும் தனித்தனியாகப் பிரித்தேன். எங்களுடையதுதான் ஜாஸ்தி. வெட்கமில்லாமல் பூரித்துப்போய், "பாத்தியா மச்சான்" என்றேன்.

"மாமா, ஒங்க சரக்குக்கு இந்த ஊர்ல கடையே வேணாம். வலயப் போட்டா அதுவா வந்துடுது, மீனுதான் வர மாட்டேங்குது."

கைக்குட்டை

அதே ஊரில் ஒரு கடையில் நஸ்ரீன் என்ற பெண் மாட்டினாள். கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறவள் என்று கடைக்காரர் சொன்னார். படித்த பெண், பேசினால் நாலு பேர் கேட்பார்கள் என்று நானே வலியக் கூப்பிட்டேன். சமத்தாக ஒரு கன்னம் கழுவினாள். கழுவிய தண்ணீரை மக்கிலேயே பிடித்துத் தன் கைக்குட்டையில் வடிகட்டினாள். மணி அத்தனையும் அப்படியே நின்றது. "கொஞ்ச நேரம் ஆவும்மா, அப்புறம் கரஞ்சிடும்" என்றேன். அவள் ஒரு பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்து வந்து மணிகளைப் போட்டு, கடை ரேக்கில் என் டியூப்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் என் லைன் நாளில் சரியாக வந்து நின்றாள். மணி மணியாகவே இருந்தது. அது பிளாஸ்டிக்காம். மீன் குஞ்சுகள் இரை என்று நினைத்து விழுங்கிவிடுமாம். என் பையிலிருந்த வெயில் கிரீமையும் விடவில்லை. அதைப் பூசிக்கொண்டு கடலில் குளித்தால், அதில் கலந்திருக்கும் சில மருந்துகளால் பவழம் நிறம் வெளுத்துச் செத்துப்போகும் என்றாள். "இது தண்ணி பட்டாலும் அழிஞ்சு போவாதும்மா, அட்டையிலயே போட்டிருக்கு" என்று நானும் விடாமல் சொன்னேன். அவள் பாட்டிலை என் கையில் கொடுத்தாள்.

"அண்ணே, போன வாரம் சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் முடிஞ்சிடுச்சா, இன்னும் இருக்கா?"

மேடையில் ஒரு கேள்வி

கடலூரில் ஒரு மண்டபத்தில் மாவட்டக் கடைக்காரர்களுக்கெல்லாம் கூட்டம் போட்டார்கள். முடிவில் சூப்பர்வைசர் பெயரைச் சொல்வதாக ஏற்பாடு. மேடையில் நான் ஸ்க்ரப் போட்டுக் காட்ட வேண்டும். காடாம்புலியூர்க் கடைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கன்னம் கழுவவைத்தேன். கைதட்டல். துடைத்துக்கொண்டே அவர் கேட்டார், "இந்த மணியெல்லாம் எங்கப்பா போவும்?" பழைய பதில் நாக்கு நுனியில் நின்றது. கூடவே சேகரின் நாலு நண்டும் ஞாபகத்துக்கு வந்தது. "சாக்கடைக்குப் போவும், அங்கேருந்து கடலுக்குப் போவும். கரையாதுங்க" என்றேன். சத்தியமாக எனக்குப் பயமே இல்லை. சூப்பர்வைசர் பதவி பெண்ணாடம் லைன் ஆளுக்குப் போனது. மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அவரு, மணி எங்க போவும்னுதான கேட்டாரு? நீ எங்க போவணும்னு முடிவு பண்ணிட்டுதான் பதில் சொன்னியா?"

மடவை

அன்றே ஸ்க்ரப்பைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன், அடுத்த வருஷம் வேலையை விட்டுப் பையையே இறக்கிவிட்டேன். ஆனால் பதவி போனது வலிக்கவில்லை என்றால் அது இன்னொரு பொய். கூட்டம் நடந்த வார ஞாயிற்றுக்கிழமை சேகர் எங்கள் வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன், செய்யவில்லை.

"எங்க கடலுக்காவ மேடையேறிப் பேசுன மொத ஆளு நீங்கதான் மாமா. மடவ மீனு கொண்டாந்திருக்கேன், அக்காவ புளி ஜாஸ்தியா ஊத்திக் கொழம்பு வெக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் குடலைக் கிழித்து நீல மணி இருக்கிறதா என்று பார்ப்பது நான்தான். விற்ற சரக்கு எங்கே போய்ச் சேர்ந்தது என்று விசாரிப்பதும் விற்றவன் வேலைதானே.