தட்டாஞ்சாவடிக்குப் போன வேன்

பாண்டிச்சேரியில், உப்பளம் பகுதியில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் சோப்புக் கம்பெனி இருந்தது. துணி துவைக்கிற பார் சோப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இருந்தபோது தாத்தா ஆரம்பித்தது. எழுபதுகளில்கூட வயதானவர்கள் கடைகளில் ‘சவோன்’ என்று பிரெஞ்சில்தான் சோப்பைக் கேட்டு வாங்குவார்கள். இறுகிய பாளத்தைக் கம்பியால் அறுப்பதும், காகிதம் சுற்றி அடுக்குவதும் பெண்கள். பாதிப்பேர் எங்கள் தெருப்பக்கம். மீதிப்பேர் ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்திலிருந்து வருவார்கள். அவர்களில் சிலருடைய அம்மாக்கள் தாத்தாவிடம் வேலை பார்த்தவர்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் அப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். அண்ணன்தான் இனி முதலாளி என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அப்பா கோணிய வாயால், “பெரியவ பாக்கட்டும்” என்றார். பெரியவள் என்றால் எங்கள் அக்கா. அண்ணனுக்கும் மூத்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் விளையாடப் போனால் அவள் கம்பெனிக்குப் போவாள். வேலைக்கு வந்த பெண்கள் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். முதலாளி ஆன பிறகும் அவள் பாப்பாதான்.

சோப்புக் காய்ச்சுகிற கொப்பரைப் புகை வீட்டுக்குள் வருகிறது என்று அக்கம்பக்கத்தில் சண்டை வர ஆரம்பித்தது. இடமும் போதவில்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் கிடைத்தது. ஊரின் அந்தக் கடைசியில்.

அண்ணன் சொன்னான், “அங்கியே ஆளு எடுத்துக்கலாம்கா. இவங்கள எதுக்கு அவ்ளோ தூரம் இழுத்துக்கினு போவணும்?”

“ஆளு கெடைக்கும்டா. இவங்க எங்க போவாங்க?”

“அது நம்ம கவலையா?”

“வேற யாரு கவலை?” என்றாள் அக்கா.

அண்ணன் கெட்டவனில்லை. சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவன், கணக்குத் தெரிந்தவன். அவன் சொன்னது சரி என்றுதான் எனக்கும் அன்று பட்டது.

அக்கா ஒரு பழைய வேன் வாங்கினாள். புது ஷெட்டில் வேலை தொடங்கிய முதல் நாள் காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் போனாள். மூன்று பேர்தான் நின்றிருந்தார்கள். மற்றவர்களை வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒருத்தி கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

“வேன்ல ஏறி அவ்ளோ தூரம் பொம்பளைங்க போறதான்னு அவரு கத்துறாரு பாப்பா. மத்தியானம் வந்து புள்ளைக்கு யாரு சோறு போடறது?”

அக்கா வேனைத் திருப்பச் சொன்னாள். வீட்டுக்கு வந்தாள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கம்பெனிப் பக்கமே வராதவள் அம்மா. கொல்லைக் கதவைத் திறந்தால் எட்டுகிற கம்பெனிக்கே வராதவள்.

“அம்மா, நாளைலேர்ந்து நீ என்கூட வரியா?”

“நான் வந்து என்னாடி பண்ணப் போறேன்?”

“சும்மா ஒக்காந்திருந்தா போதும்.”

மறுநாள் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரியாங்குப்பம் தெருவில் வேன் நின்றதும் தலையை வெளியே நீட்டி, “நானே போறேன், உங்களுக்கு இன்னாடி? ஏறுங்க. புள்ளைங்களையும் தூக்கிக்கினு வாங்க” என்று சத்தம் போட்டாள். வாசலில் நின்ற ஆண்கள் விலகி வழி விட்டார்கள். முதலாளியம்மாவே போகும்போது என்ன பேசுவது? வேன் நிறைந்துவிட்டது.

நான்கு நாள் துணைக்கு என்று வந்த அம்மா பிறகு வருவதை நிறுத்தவேயில்லை. ஷெட்டின் ஓரத்தில் அடுப்பு மூட்டினாள். மத்தியானம் எல்லாருக்கும் சோறும் குழம்பும். பெண்கள் சோப்பு அறுக்க, அவர்களுடைய கைக்குழந்தைகள் அம்மாவைச் சுற்றித் தவழும். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தோம். நானும் தினமும் வேனில் போனேன். பாலத்தின் மேல் வரும்போது ஆற்றுக்காற்று அடிக்கும். யாராவது ஒருத்தி புருஷனைப் பற்றி ஏதாவது சொல்வாள், வேனே குலுங்கச் சிரிப்போம். என் விரல்களில் எந்நேரமும் சோப்பு வாசனை இருக்கும். அந்தச் சில வருஷங்களைப் போல நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீடு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தவர்கள். அவர் பிரான்சில் வேலையில் இருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அக்காவிடம் போய், “நான் உன்கூடவே இருந்துடறேன்கா” என்றேன்.

“கம்பெனிக்கு ஆளு இருக்காங்க. நீ போ” என்றாள். சோப்புப் பெட்டிகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். தலையை நிமிர்த்தவில்லை.

பிரான்சில் எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் வெயிலே இருக்காது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து ஜன்னலருகில் உட்காருவேன். கடிகாரத்தைப் பார்த்து, இப்போது அங்கே சாப்பாட்டு நேரம், இப்போது வேன் திரும்பிக்கொண்டிருக்கும் என்று நினைப்பேன். அரியாங்குப்பத்துப் பெண்களுக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள் எனக்காக ஒரு வார்த்தை, இரு என்று சொல்லவில்லையே. அந்த நினைப்பு மட்டும் போகவேயில்லை.

எண்பதுகளின் நடுவில் அவரும் நானும் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தோம். அப்பா அதற்குள் போய்விட்டார். அம்மாவுக்கு முட்டிவலி, வீட்டோடு இருந்தாள். அண்ணன் சர்க்கார் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிக்கே வந்திருந்தான். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவனே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறானாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் வேனில் ஏறினேன். பாதி முகங்கள் புதுசு. அன்று அம்மாவைச் சுற்றித் தவழ்ந்த ஒருத்தி பாவாடை தாவணியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து மரியாதையாக நகர்ந்து இடம் விட்டாள். ஷெட்டில் நானும் காகிதம் சுற்ற உட்கார்ந்தேன். என் கை ஓடவில்லை. நான் சுற்றியதைப் பக்கத்திலிருந்தவள் எனக்குத் தெரியாமல் எடுத்துப் பிரித்து மறுபடி சுற்றினாள். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

அக்கா வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது.

“அன்னைக்கு ஏன்கா என்னை இருன்னு சொல்லல?”

அவள் ஷெட்டுப் பக்கம் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா நீ இருந்திருப்ப. அதான் சொல்லல” என்றாள். பிறகு, “நான் இங்க வரணுமான்னு யாரும் என்னைக் கேக்கல. எனக்குப் புடிச்சுது, அது வேற. உனக்கு வேற ஒண்ணும் தெரியாம இங்கியே நின்னுடக் கூடாதுன்னு நெனச்சேன்” என்றாள்.

“எனக்கும் இதான்கா புடிச்சுது.”

“தெரியும்” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். உள்ளேயிருந்து யாரோ பாப்பா என்று கூப்பிட்டார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

லீவு முடிந்து நாங்கள் பிரான்சுக்குக் கிளம்பினோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். நான் மறுபடி ஜன்னலருகில் உட்கார்ந்தேன்.