ஈயநைத்திரேற்றும் செபமாலை அண்ணையும்

செபமாலை அண்ணை காலமான செய்தி, நான் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில் வந்தது. ஊர்காவற்றுறையிலிருந்து அவருடைய தங்கை போன் எடுத்திருந்தார். "அண்ணை போட்டார் ரீச்சர். விடிய எழும்பேல்லை" என்றார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, "அவற்றை மருந்துக் குளிசைப் பெட்டியள் எல்லாத்திலையும் எழுதி ஒட்டிக் கிடக்கு. ஒண்டிலை 'வெய்யில் படக் கூடாது', ஒண்டிலை 'தண்ணி படக் கூடாது', ஒண்டிலை 'தங்கச்சி தொடக் கூடாது'. இதுகளை நான் என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பக்கத்தில் இருந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பினேன்.

அவரோடு பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் நான் இரசாயனவியல் படிப்பித்த பாடசாலையில் அவர் ஆய்வுகூட உதவியாளர். கடற்றொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்து, வள்ளத்தில் ஏறினால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்ற ஒரே காரணத்துக்காக அரசாங்க வேலைக்கு வந்தவர். கலியாணம் கட்டவில்லை. பெண்களோடு கதைக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார். தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் எதையோ பார்த்துக் கதைப்பார். பதினொரு வருடம் கூட வேலை செய்த எனக்கும் அந்த ஒரு சாண் குறையவே இல்லை.

ஒரு தை மாதம், கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. ஆய்வுகூடத்தில் உள்ள ஒவ்வொரு இரசாயனத்துக்கும் உடலுக்கு வரும் தீங்கு என்ன, தீப்பிடித்தல், வெடித்தல் போலப் பொருளாக அது செய்யும் தீங்கு என்ன என்று வகைப்படுத்தி, ஒன்றுக்கொரு தாள் நிரப்பி, பொறுப்பாசிரியர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டுமாம். பொறுப்பாசிரியர் நான். இலகுவான வேலை என்று நினைத்து முதலில் ஈயநைத்திரேற்றை எடுத்தேன். பார்வைக்குக் கல்லுப்பு மாதிரி இருக்கும் வெள்ளைப் பளிங்கு. உடலுக்கு என்ற இடத்தில் 'நஞ்சு' என்று எழுதினேன். மற்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

செபமாலை அண்ணை என் தலைக்கு மேலே பார்த்தபடி கேட்டார்.

"இது தானாய் எரியுமோ ரீச்சர்?"

"எரியாது."

"அப்ப எரியிற சாமானுக்குப் பக்கத்திலை வைக்கலாமோ?"

அப்போதுதான் அலுமாரியைப் பார்த்தேன். ஈயநைத்திரேற்றுப் போத்தலுக்கு ஒட்டியபடி கந்தகத் தூள். இரண்டையும் அங்கே வைத்தது நான்தான். ஈயநைத்திரேற்று ஒட்சியேற்றி; தான் எரியாவிட்டாலும் எரிகிறதை இன்னும் மூர்க்கமாக எரியவைக்கும். பல்கலைக்கழகத்தில் படித்ததுதான். ஈயம் என்றதும் நஞ்சு என்று எழுதின கை, அதோடு நின்றுவிட்டது.

"எங்கடை பெரியண்ணையும் இப்பிடித்தான் ரீச்சர்" என்றார் அவர். "தான் ஒருநாளும் சண்டை பிடிக்கார். ஆனா அவர் வந்து குந்தின கலியாண வீட்டிலை சண்டை நடக்காமல் விட்டதில்லை. அவரை எப்பவும் தனிக் கதிரையிலைதான் இருத்துறது."

அன்று முதல் அந்த அலுமாரி ஒரு கலியாண வீடு ஆகியது. ஆரை ஆருக்குப் பக்கத்தில் இருத்துவது, ஆரை ஆரின் கண்ணில் படாமல் வைப்பது என்று அவர் மூன்று நாள் யோசித்தார். அமிலங்கள் கீழ்த்தட்டுக்குப் போயின. கந்தகம் எதிர்ச் சுவர் அலுமாரிக்குப் போனது. ஈயநைத்திரேற்றுக்குத் தனித்தட்டு. அதற்குப் பிறகு, இங்கிலிசில் வந்த தகவல் தாள்களையும் ஒரு அகராதியையும் வைத்துக்கொண்டு எல்லாத் தாள்களையும் தானே நிரப்பினார். ஒரு ஓய்வு வேளையில் கட்டாகக் கொண்டுவந்து நீட்டினார்.

"வாசிச்சுப் போட்டு வையுங்கோ ரீச்சர். வாசிக்காமல் மூடியும் திறக்கக் கூடாது, கையெழுத்தும் வைக்கக் கூடாது."

"ஓம், ஓம்" என்றேன். ஒன்றையும் வாசிக்கவில்லை. கடகடவென்று கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

ஒட்டுகிற அடையாளச் சீட்டுகள் கந்தோரிலிருந்து வரவே இல்லை. அதனால் படங்களையும் அவரே கீறினார். வட்டத்துக்கு மேலே தீச்சுவாலை என்றால் ஒட்சியேற்றி. அது நன்றாக வந்தது. உடலுக்குள்ளே நீண்டகாலத் தீங்கு செய்யும் என்பதற்கு ஒரு மனிதனின் நெஞ்சில் நட்சத்திரம் வெடிக்கிற மாதிரி ஒரு படம் உண்டு. செபமாலை அண்ணை கீறியபோது, அந்த மனிதனுக்குத் தோள்வரை முடியும் கனிந்த முகமும் வந்துவிட்டன. நெஞ்சிலே ஒளி. கத்தோலிக்க வீடுகளில் வாசலுக்கு நேரே மாட்டியிருக்கும் திருஇருதயப் படத்தை அச்சாக உரித்து வைத்திருந்தது. அடுத்த நாள் முதல், உயர்தர வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த அலுமாரியைத் திறக்க முன்னர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சைவப் பிள்ளைகளும் பார்த்துப் பழகிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதிபர் வந்து பார்த்துத் திகைத்து, "செபமாலை, நஞ்சுப் போத்தலிலை ஏன் காணும் ஆண்டவரை ஒட்டினனீர்?" என்று கேட்டார்.

"அது ஆண்டவர் இல்லை சேர், நோயாளி. ஆனா இருக்கட்டும். கும்பிட்டுப் போட்டுத் திறக்கிற பிள்ளை கவனமாய்த் திறக்கும்."

அந்தப் பங்குனியில்தான் எங்கள் சண்டை தொடங்கியது.

அப்போது எனக்கு வயிற்றில் இரண்டு மாதம். அதற்கு முன்னர் இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. ஏன் என்று வைத்தியர்களுக்கும் தெரியவில்லை. அதனால் இந்த முறை என் கணவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழியாமல் வாய் திறப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கோ அது வழக்கத்தைவிடப் பயம். ஒருநாள் ஆய்வுகூடத்தில், "அண்ணை, அந்த யன்னலைச் சாத்துங்கோ, கருவாடு மணக்குது" என்று மட்டும் சொன்னேன். அந்த இறங்குதுறைக் கருவாட்டு மணத்துக்குள் அத்தனை வருடம் மூக்கைச் சுளிக்காமல் சோறு சாப்பிட்டவள் நான். அவர் யன்னலைச் சாத்தினார். 

அடுத்த நாள் நான் போனபோது, நிறுக்கிற அறை பூட்டிக் கிடந்தது. தராசு பழுது என்றார். அதற்கடுத்த நாள் திறப்பைக் காணவில்லை என்றார். திறப்பு அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்குள் தெரிந்தது. மூன்றாம் நாள் உள்ளே பாம்பு கண்டதாகச் சொன்னார். "என்ன பாம்பு?" என்றேன். "ரீச்சருக்குப் பிடிக்காத பாம்பு" என்றார். நான்காம் நாள், ஈயநைத்திரேற்றுக் கரைசலோடு பொற்றாசியம் அயடைட்டுச் சேர்த்து மஞ்சள் வீழ்படிவு காட்டவேண்டிய பாடம். சூடாக்கி ஆறவிட்டால் பொன் தூள் கொட்டுகிற மாதிரி இறங்கும். பிள்ளைகள் வருடம் முழுக்கக் காத்திருப்பது அதற்குத்தான். செபமாலை அண்ணை வாசலில் ஒரு கதிரையைப் போட்டார்.

"ரீச்சர் இதிலை இருந்து சொல்லுங்கோ. நான் செய்யிறன்."

பொன் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், எனக்கு இல்லை. "ரீச்சருக்கு லாப்புக்குள்ளை விடுமுறை" என்று பின் வாங்கில் இருந்த ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். ஒட்சியேற்றியை மறந்த ஒரு பிழைக்காக இந்த மனிதர் என் பட்டத்தையே பறிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நேரே அதிபரிடம் போய் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன்.

அதிபர் இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"ஏன் காணும் ரீச்சரை உள்ளை விடேல்லை?"

"சொல்ல ஏலாது சேர்."

"அப்ப எழுதித் தாரும்."

"எழுதவும் ஏலாது சேர்."

"ரீச்சர் ஏதும் பிழையாய்ச் செய்தவவோ?"

"சீச்சீ. ரீச்சர் தங்கமான ஆள்." இதைக் கூரையில் சுழன்ற விசிறியைப் பார்த்துச் சொன்னார்.

அதிபர் மேசையில் தட்டினார். செபமாலை அண்ணைக்கு நெற்றி வியர்த்து வழிந்தது. கடைசியில், மடித்த தாள் ஒன்றைச் சேட்டுப் பொக்கற்றிலிருந்து எடுத்தார். அதிபர் கையை நீட்ட, அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "சேர் வாசிக்க வேண்டாம். ரீச்சர் வாசிக்கட்டும். மூண்டாம் வரி" என்றார்.

ஈயநைத்திரேற்றின் தாள். கீழே என் கையெழுத்து. முதலாம் வரி, வாயால் போனாலும் தூளாக மூச்சோடு போனாலும் தீங்கு. இரண்டாம் வரி, கண்ணுக்குக் கடும் சேதம். மூன்றாம் வரி மற்ற வரிகளைவிடச் சின்ன எழுத்தில், வெட்கப்பட்டு எழுதினது போல இருந்தது: 'கருவிலுள்ள பிள்ளைக்குச் சேதம் செய்யலாம்.'

அந்த வரியைத் திரும்பவும் வாசித்தேன். வாயில் வைக்காவிட்டால் சரி என்று நினைத்து, இரண்டு மாதமாக அந்தப் பளிங்கை உரலில் இடித்து, மூக்குக்குக் கிட்ட வைத்து நிறுத்தவள் நான். படித்தவள், பொறுப்பாசிரியர், கையெழுத்து வைத்தவள். எனக்குக் கருவாடு மணத்த அன்றே விஷயம் விளங்கியும், அந்த வரியைப் பெண் ஒருத்திக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ஒரு மனிதன் பாம்பு, திறப்பு, தராசு என்று பொய்யாகச் சொல்லித் திரிந்திருக்கிறார்.

"முறைப்பாட்டை வாபஸ் வாங்கிறன் சேர்" என்றேன்.

"அப்ப காரணம் என்ன?"

நாங்கள் இரண்டு பேரும் விசிறியைப் பார்த்தோம்.

எழுத்தில் வந்த முறைப்பாட்டுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று, அதிபர் செபமாலை அண்ணைக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். அவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். நான் யாழ்ப்பாணம் போய் இரத்தம் சோதித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொல்லும்வரை ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் மாதம், மறைக்க ஏலாத நிலையில், அதிபரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார், கடிதக் கோவையை எடுத்தார், கடிதத்தின் பிரதியைக் கிழித்தார். "இதை அண்டைக்கே ஒருத்தர் சொல்லியிருந்தால் என்ன?" என்று எரிந்து விழுந்தார்.

மகள் பிறந்து மூன்றாம் மாதம் பாடசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். ஆசிரியர்கள் கைக்குக் கை வாங்கினார்கள். செபமாலை அண்ணை மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தூக்குங்கோ என்றேன்.

"இல்லை ரீச்சர். ஈயம் தொட்ட கை."

"கழுவினால் போகும் அண்ணை. நீங்கள்தானே அந்தத் தாளை எழுதினனீங்கள்."

"தெரியும். எண்டாலும் வேண்டாம்."

நான் எத்தனை முறை விளக்கினாலும் அந்தக் கைகள் முன்னுக்கு வரவில்லை. அவள் தவழ்ந்தாள், நடந்தாள், அவரைச் சுற்றி ஓடினாள். குனிந்து கதைப்பார், இனிப்பைக் கடதாசியோடு மேசையில் வைப்பார். தொடமாட்டார்.

அவர் ஓய்வு பெற்று மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, சுருவிலில் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். பூசைக்குப் போகிற வெள்ளைச் சேட்டு. கையில் ஆஸ்பத்திரித் துண்டு. "சோதிச்சனான் ரீச்சர். இரத்தத்திலை ஒண்டும் இல்லையாம். வாசிச்சுப் பாருங்கோ" என்றார். இந்த முறை முழுவதும் வாசித்தேன். பிறகு அவர் என் மகளுக்கு முன்னால் இரண்டு கையையும் நீட்டினார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. தூக்குகிற வயது தாண்டி, காலும் கையும் நீண்டு வளர்ந்திருந்தாள். மூச்சுப் பிடித்துத் தூக்கினார். அவளுடைய கால்கள் அவருடைய முழங்காலில் இடித்தன. இடுப்பில் நாரி பிடித்திருக்க வேண்டும், முகம் கோணியது. இறக்கவில்லை. அந்த ஒரு நாள்தான் அவர் என் முகத்தை நேரே பார்த்தார்.

"நல்ல பாரம் ரீச்சர்" என்றார்.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியது என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. என் மகளுக்கு இப்போது ஒன்பது வயதாகிறது. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறையில் பெருங்குரலில் பாடிக்கொண்டிருக்கிறாள், சுருதி கொஞ்சமும் சேரவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லவென்று எழும்பிப் போனேன். வாசலில் நின்று முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.