ஏழு மூன்றும் ஓர் ஒன்றும்

கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, தொண்ணூறுகளில், மைசூரில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு மனுப் போட்டேன். மாமியார் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சம்மதம். நேர்காணலில் சீட் கிடைக்காவிட்டால் அப்புறம் படிப்புப் பேச்சையே எடுக்கக் கூடாது.

பிடித்த எண் எது என்று கேட்டால் சொல்ல ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன்: 33333331. ஏழு மூன்று, கடைசியில் ஓர் ஒன்று. பகா எண், தன்னையும் ஒன்றையும் தவிர எதனாலும் வகுபடாது. 31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்து இதுவரை வந்தால் வழியெல்லாம் பகா எண்களே. சரிபார்க்க, வர்க்கமூலம் வரை, அதாவது ஐயாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். போதும் என்று சொல்வது சுலபம். ஹெப்பாள் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் என் கணவர் கால்குலேட்டரோடு பாதியை முடித்தார். அடுப்படியில் நான் மீதியை. ஒன்றும் வகுக்கவில்லை. பெற்ற பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி எனக்குச் சந்தோஷம்.

அடுத்தது ஒன்பது இலக்கம். கால்குலேட்டரில் எட்டுதான் கொள்ளும்.

"ஒம்பதாவது ஆளுக்கு சீட் இல்ல, நின்னுட்டே வரட்டும்," என்றார் கணவர்.

கையால் வகுத்தேன். 7, 11, 13. எங்கள் வீட்டில் வாய்ப்பாடு பதினாறோடு முடிந்துவிடும். என் பொறுமையும் அங்கேயே முடிந்தது. ஏழு எண்கள் ஏமாற்றவில்லை, எட்டாவதா ஏமாற்றப் போகிறது?

நேர்காணலில் அந்த எண்ணைச் சொன்னதோடு நிறுத்தாமல், "இன்னொரு மூணு போட்டாலும் பகா எண்தான் மேடம்," என்று கேட்காமலேயே சொன்னேன். பேராசிரியை சாக்பீஸை நீட்டினார்.

"ஹதினேளு? நோடி," என்றார் கன்னடத்தில்.

பதினேழால் வகுத்தேன். 19607843. மீதி பூஜ்யம்.

காது சுட்டது. போகலாம் என்று அவர் தலையசைத்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். உடைந்தது தற்செயலா, உடைந்தே தீர வேண்டியதா என்று தெரியாமல் நகர மனசில்லை. வரிசையைத் தொடங்கிவைத்த 31ஐயே எடுத்து, வெறும் மூன்றுகளை வகுத்துக்கொண்டே போனேன். பதினைந்தாவது மூன்றில் மீதி தீர்ந்தது. அந்தப் பதினைந்து மூன்றுகளின் வாலில் 31ஐ ஒட்டினாலும் 31 வகுத்துவிடும். ஆக, பதினேழு சும்மா விட்டிருந்தாலும் முப்பத்தொன்று விட்டிருக்காது. வரிசை எங்கேயாவது உடைந்தே ஆக வேண்டும். போர்டு முழுக்க மூன்றாக இருந்தது.

"யாரு ஹேளிகொட்டிது?" யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"யாரும் இல்ல மேடம். இப்பதான்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நேர்காணல் செய்த மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடும்படி சொன்னார்.

வெளியே கணவர் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"நம்ம ஒம்பதாவது ஆளு போச்சு. பதினேழு வகுத்துடுச்சு."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ சீட்டு?"

"அது கெடச்சதும் பதினேழாலதான்."