அச்சகத்து மாடிக் குரல்

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்த மாடியில் தனியாக நின்றவன் நான்.

நான் நீதிமன்றத்தில் டவாலி. வாசலில் நின்று சாட்சிகளின் பெயரைக் கூப்பிடுகிற ஆள். என் தொண்டை அப்படி. வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட, இது கோர்ட் இல்லை, மெதுவாகக் கேளுங்கள் என்பாள் மனைவி.

அது ஒரு கொலை வழக்கு. ஓர் அச்சகத்தின் இளைய பங்குதாரரை, மூத்தவர் மாடி அறையில் கழுத்தை நெரித்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. ஒரே சாட்சி, கீழே இருந்த வாட்ச்மேன். "விட்டுடுங்கண்ணா" என்று செத்தவர் கத்தியது தன் காதில் விழுந்தது என்றார். கீழே மெஷின் ஓட, மேலே கதவு சாத்தியிருக்க, அது எப்படிக் கேட்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். வாட்ச்மேனின் பேச்சு எடுபடாவிட்டால் வழக்கு அவ்வளவுதான். கைக்குழந்தையோடு தினமும் கோர்ட்டில் வந்து உட்காரும் செத்தவரின் மனைவிக்கு இழப்பீடும் கிடையாது.

நேரிலேயே போய்ச் சோதித்துவிடலாம் என்றார் நீதிபதி. கொலை நடந்த அதே மாலை நேரத்தில் போனோம். மெஷினை ஓடவிட்டார்கள். எல்லோரும் கீழே நின்றார்கள், காவலர்களுக்கு நடுவில் அந்த மூத்தவரும். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு அதே வார்த்தையைக் கத்துகிற வேலை எனக்கு. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? கீழிருந்து அறை விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார்கள்; அந்தச் சைகை கிடைத்ததும் கத்த வேண்டும்.

அறை முழுக்கத் தாள் கட்டுகள். மை வாசனை. ஜன்னல் இல்லை, ஃபேனும் ஓடவில்லை. ஆனால் ஒரு கட்டின் மேல் தாள் மட்டும் மெல்ல ஏறி இறங்கியது... யாரோ அடியில் மூச்சு விடுவது போல.

ஏழு பத்து. விளக்கு அணைந்தது.

எரிந்தது.

வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை...

தொண்டையில் விரல்கள். ஜில்லென்று.

தடக்... தடக்... கீழே மெஷின் மட்டும்.

பிடி விட்டது.

ஓடினேன்.

என்னால் கத்த முடியவில்லை என்று சொல்லத்தான் இறங்கினேன். வெறும் காற்றுதான் வந்தது. நீதிபதி கையை உயர்த்தி, "போதும்பா, நல்லாவே கேட்டுச்சு" என்றார். வக்கீல் முகம் தொங்கிவிட்டது. மூத்தவர் படியில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் எனக்குப் பேச்சே வரவில்லை. வந்தபோது, யாரிடம் போய்ச் சொல்வது? என்னைத்தான் பைத்தியம் என்பார்கள்.

வாட்ச்மேனை நம்பத்தகுந்த சாட்சி என்று தீர்ப்பு வந்தது. மூத்தவருக்கு ஆயுள் தண்டனை. விதவைக்கு இழப்பீடு. அன்று வராந்தாவில் வாட்ச்மேன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட மட்டும் சொல்றேன். சின்ன முதலாளி செத்த அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே கேக்கல. புள்ளையோட அந்தப் பொண்ணு நின்னதப் பாத்துட்டு, நானாத்தான் அப்படிச் சொன்னேன். அந்த வார்த்தைய மொதமொதல்ல கேட்டதே நீங்க கத்துனப்பதான்."

கிளம்பப் போனவர் திரும்பி வந்தார்.

"அது சரி, நீங்க அவரப் பாத்ததே இல்லையே... அச்சு அசல் அவர் குரல்லயே எப்படிக் கத்துனீங்க?"

என் கை தானாகத் தொண்டைக்குப் போனது.