இஞ்ஞாசி வீட்டுச் சக்கரம்

இஞ்ஞாசி கொத்தனாருக்குக் கிறிஸ்தவ வேதம் விட்டுப்போனது அவருடைய அப்பா செத்த அன்றைக்குத்தான். சாணார்பட்டிக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் கோயில் ஒன்று, சாமியார் ஒருவர். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே மட்டும் ஒரு சுவர். வடக்கே ஊர்க்காரர்களின் பிணம், தெற்கே காலனிக்காரர்களின் பிணம். பிணம் தூக்கக் கோயிலில் ஒரு மரப்பெட்டி இருந்தது, தூம்பா என்பார்கள். கொட்டுகிற மழையில் அதைக் கேட்கப் போன இஞ்ஞாசியிடம் கோயில் பேரவைத் தலைவர் ஆண்டனிராஜ், "அது எங்க பக்கத்துச் சாமான்லே. ஒங்க வீட்ல கயித்துக் கட்டில் இல்லையா?" என்றார்.

கட்டிலில்தான் தூக்கிப் போனார்கள். வழியில் ஒருவனுக்குக் கால் வழுக்கி, அப்பா சேற்றில் விழுந்தார். முகத்தைத் துடைத்துத்தான் மண்ணுக்குள் வைத்தார் இஞ்ஞாசி.

அடுத்த வருஷம், தொண்ணூற்று நான்கில், மதுரைக்கு நாக்பூர்ப் பிக்கு ஒருவர் வந்திருந்தார். அவர் முன்னால் இஞ்ஞாசி உட்கார்ந்து புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணம் என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். வந்ததும் வாசல் நிலைக்கு மேலே சிமெண்டில் எட்டு ஆரக்காலோடு ஒரு சக்கரம் வார்த்தார். அதன் கீழே ஒரு தாமரை.

வீடு நத்தம் ரோட்டு ஓரம். அழகர்கோயிலுக்குப் போகிற வேன்கள் பக்கத்து டீக்கடையில் நிற்கும். இறங்குகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, "என்னண்ணே, வண்டிச் சக்கரமா?" என்பார்கள். அவருக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை.

"இல்ல தம்பி. பாக்குறது, நெனைக்கிறது, பேசுறது, செய்யிறது, பொழைக்கிறது, முயற்சி, கவனம், தியானம். எட்டும் நேரா இருக்கணும். அதான் எட்டுக் காலு."

"தாமரை?"

"சேத்துல மொளைச்சாலும் பூவுல சேறு ஒட்டாதுல்ல."

"அப்ப புத்தர்தான் ஒங்க சாமியா?"

"சாமி இல்லப்பா, மனுசன். துக்கம் இருக்கு, துக்கத்துக்குக் காரணம் ஆசை, அதை நிப்பாட்டலாம், நிப்பாட்ட வழி இருக்கு. இம்புட்டுத்தான் சொன்னாரு."

மனைவி கிளாரா அவரோடு மாறவில்லை. செபமாலையை இடுப்பில் சொருகிக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்பாள். கொல்லக்கூடாது, களவு கூடாது, தப்பான உறவு கூடாது, பொய் கூடாது, குடி கூடாது என்று ஐந்து சீலத்தை அவர் அடுக்கினால், "அந்தக் கடைசி ஒண்ணுக்காகவே ஒங்க புத்தருக்கு நான் மெழுகுவத்தி பொருத்துவேன்" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு கொஞ்ச நாளைக்குத்தான். அந்தோணியார் திருநாள் அன்று ஆண்டனிராஜின் ஆட்கள் இஞ்ஞாசியை ரோட்டில் மல்லாத்தி, மூக்கைப் பொத்தி, வாயில் பிராந்தியை ஊற்றினார்கள். "ஏலே சக்கரத்தான், அஞ்சுல ஒண்ணு போச்சா? மிச்சம் நாலு!" என்று கை தட்டினார்கள். விடிந்து பார்த்தால் சக்கரத்தில் ஆட்டுக் குடல் மாலையாகத் தொங்கியது. அவர் ஏணி வைத்து ஏறிக் கழுவினார்.

கிளாராவுக்குக் கொடுத்த தண்டனை வேறு. பேரவைக்குப் பயந்த சாமியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டு வாசல்ல அது இருக்கிற வரைக்கும் நன்மை வாங்க வராதம்மா" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்துத் திண்டுக்கல் டவுனுக்குப் போவாள். அவளை யாருக்கும் தெரியாத கோயிலில் நாக்கை நீட்டி நன்மை அப்பத்தை வாங்கிக்கொண்டு திரும்புவாள். சக்கரத்தை எடுத்துவிடச் சொல்லி ஒரு நாளும் அவள் கேட்டதில்லை. கேட்காததையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் இஞ்ஞாசி.

இரண்டாயிரத்து மூன்றில், சித்திரையில், மஞ்சள் காமாலை அவளை அரித்துத் தின்றது. கண் முழுக்க மஞ்சள். "என்னைக் குருசு வச்சு அடக்கம் பண்ணுங்க. அது போதும்" என்றாள். அவர் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

விடிகாலையில் உயிர் போனது. கல்லறைத் தோட்டத்துக் கதவில் பூட்டுத் தொங்கியது. சுடுகாட்டுப் பக்கம் கேட்டால், "வேதக்காரப் பொணத்துக்கு இங்க என்ன வேலை?" என்றார்கள். வெயில் ஏற ஏற வீட்டுக்குள் வாடை கிளம்பியது. மகன் ரொனால்டு அம்மாவின் முகத்தில் ஈ உட்காராமல் துண்டை வீசிக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் ஆண்டனிராஜ் வாசலுக்கு வந்தார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அதை ஒடை. நீயே ஒடைக்கணும். அப்புறம் கோயில் வாசல்ல முட்டி போட்டு, புத்தி கெட்டுப் போனேன்னு சொல்லு. பூட்டைத் தெறக்கச் சொல்றேன்."

"ஐயா, அவ கோயிலை விடலையே. விட்டது நான்தான?"

"பொணம் நாறுதுலே. சீக்கிரம்."

இஞ்ஞாசி ஏணியை எடுத்தார். நல்ல கலவை போட்டு, பதினைந்து நாள் தண்ணீர் விட்டு இறுக வைத்த வேலை. உளி வழுக்கியது. சுத்தியல் விரலில் விழுந்து நகம் பிய்ந்தது. கீழே நின்றவர்கள், "இன்னும் ஒரு காலு நிக்குது பாரு" என்று சொல்லிச் சொல்லி உடைக்க வைத்தார்கள். பிறகு கோயில் வாசலில் முட்டி போட்டு, சொல்லச் சொன்னதைச் சொன்னார். சத்தம் பத்தவில்லை என்று இன்னொரு தடவை சொல்ல வைத்தார்கள்.

பூட்டு திறந்தது. தூம்பா தரவில்லை. கிளாராவைச் சுவருக்குத் தெற்கேதான் புதைத்தார்கள்.

திரும்பி வரும்போது ரொனால்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "இன்னிக்கு ஒடைச்சதை அம்மா நடமாடுறப்பவே ஒடைச்சிருந்தா, அது ஊரு கோயில்லயே நன்மை வாங்கியிருக்கும்ல?"

மறுநாள் அவன் திருப்பூருக்குப் பஸ் ஏறினான்.

முப்பதாம் நாள் பூசைக்கு இஞ்ஞாசி ஒற்றை ஆளாகப் போய்க் கடைசி வரிசையில் நின்றார். சாமியார் இறந்தவர்களுக்கான மன்றாட்டை வாசித்தார்: "மனந்திரும்பிய இஞ்ஞாசியின் மனைவிக்காக." கிளாராவின் பெயரை அவர் சொல்லவே இல்லை. கூட்டம் 'ஆமென்' என்றது.