மார்கழியில் இனித்த கிணறு

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது, பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புத்தூர் பக்கத்து ஊர்கள் இங்கேயே இருக்குமா, மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகுமா என்று டீக்கடையெல்லாம் அதே பேச்சு. அப்போதுதான் அண்ணன் தம்பிகளிடமிருந்து பிரிந்து, என் பங்கை விற்றுவிட்டு, புத்தூருக்கு அருகே தோட்டம் தேடினேன். வருஷம் முழுவதும் கத்திரிக்காய் பயிரிட்டுத் திருப்பதி சந்தைக்கு பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்பது என் ஆசை. மனைவி, இரண்டு பெண்கள், எல்லாருக்கும் அந்தப் பணம் ஒன்றுதான் ஆதாரம்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் மனைவியின் தம்பியைக் கூட்டிப்போனேன். கத்திரித் தோட்டம் போடப்போகிறேன் என்று அவன்தான் அங்கே எடுத்துச் சொன்னான். தரகர் காட்டிய நிலத்தில் கிணறு கைக்கெட்டும் அளவுக்கு நிறைந்திருந்தது. அது மார்கழி மாதம்.

"சீக்கிரம் முடிச்சிடுங்க. எல்லைய மாத்திட்டாங்கன்னா பத்திரம் எங்க பதியறதுன்னே தெரியாது" என்று தரகர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார். விற்பவருக்கு என்னைவிட வயது கூட. அவர் மனைவியின் அண்ணன்மார் திருத்தணிப் பக்கம் இருந்தார்கள். அங்கே போய் நிலம் வாங்கிப் பிழைக்கலாம் என்றுதான் இதை விற்றார்கள்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலை மாற்றுவதற்கு முன் வாங்குகிறவன் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பான். பிடித்திருந்தால் பேச்சு முடிந்தது. ஒரு சொம்பு மொண்டு கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தேன். இளநீர் மாதிரி இருந்தது. மறு வாய்க்குத் தூக்கும்போது விற்பவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது மார்கழித் தண்ணிப்பா. இப்ப இப்பிடித்தான் இருக்கும். சித்திரைல வாயில வைக்க முடியாது, அவ்ளோ உப்பு. கத்திரி வெச்சின்னா கருகிப் பூடும்."

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா நைனா, உன் நெலத்த நீயே விக்க விடமாட்டியா?"

கிணற்றை ஒட்டிய வீட்டு வாசற்படியில் நின்ற விற்பவரின் மனைவி சொன்னார்: "என்னப் பெத்த நைனாவும் ஒரு மார்கழிலதான் வந்து, இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு என்னை இந்த வீட்டுக்குக் குடுத்தாரு. சித்திரை வந்தப்புறம் ஒரு கொடம் நல்ல தண்ணிக்கு ஊர்க்கோடி வரைக்கும் நடந்துகினு கெடக்கறேன். எங்க அண்ணனுங்க ஊர்ல கூலிக்குப் போனாலும் போறேன். இத இன்னொருத்தி தலைல கட்டிட்டுப் போமாட்டேன்."

மச்சான் எழுந்துவிட்டான். "வா மாமா, போலாம்."

எனக்கு எழ மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவரிடம் கேள்வியெல்லாம் கேட்கிறவன் நான் இல்லை. அன்றைக்கு எப்படியோ வாய் வந்தது. "மழைய நம்பி வேர்க்கடலை போட்டா வருமாண்ணா?"

"கடலை நல்லா வரும். கெணத்த மட்டும் நம்பாத."

"அப்ப புஞ்சைன்னு வெல பேசுண்ணா. நானே வாங்கிக்கறேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். புஞ்சை விலைக்கு விற்றால் திருத்தணிப் பக்கம் அவர்களுக்குக் கிடைக்கும் நிலம் பாதியாகிவிடும். அந்த அம்மா சரி என்று தலையை ஆட்டினார். "அப்ப எனக்கும் புஞ்சை கமிஷன்தானா?" என்று முனகிக்கொண்டே தரகர் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். மச்சானே சிரித்துவிட்டான்.

எங்கள் ஊர் ஆந்திராவோடு நின்றது. அவர்கள் போன ஊர் மெட்ராஸோடு சேர்ந்தது. அங்கே சின்னதாக ஒரு துண்டு நிலம் வாங்கியிருப்பதாகவும், கிணறு வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் என்றும் தரகர் சொன்னார். கேட்டு என் மனைவி சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

நானும் தாழ்ந்து போகவில்லை. திருப்பதிக்குக் கத்திரிக்காய்க்குப் பதில் கடலை மூட்டை ஏற்றுகிறேன். குடிதண்ணீருக்கு முதல் வருஷமே ஒரு கைவண்டி செய்துகொண்டேன். ஊர்க்கோடி வரை குடம் சுமக்க என் வீட்டுப் பெண்களை விடவில்லை.

இன்று காலையும் கிணற்றில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்புக் கரித்தது, துப்பினேன். ஆனால் இந்தக் கிணற்றின் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை, ஏனென்றால் அது இப்படித்தான் என்று விற்றவரே என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டார்.

எழுதி முடித்தது, சித்திரை பத்தாம் தேதி.