எங்களுக்குக் கோடி போன கதை

போன வாரம் பரங்கிப்பேட்டையில் ஒரு டீக்கடைக்காரர் எங்களிடம் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"வேணாம் சார், வையுங்க... கோடி போன மனுஷன்கிட்ட டீக்குக் காசு வாங்குனா நான் வெளங்குவனா?" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாமா — என் அக்கா வீட்டுக்காரர் — வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார். கோடி போன மனுஷன் சிரிப்பாரா? டீக்கடைக்காரருக்கு அது இன்னும் பயமாகிவிட்டது. பாவம், அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டார்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா வசந்தா, நைனார்பாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். நெல், கரும்பு, நாலு மாடு. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் ஊர் பார்க்கக் கிளம்பியதெல்லாம் பாதியில் திரும்பிய கதைகள்தான். திருச்செந்தூருக்குக் கிளம்பி வேப்பூர் கூட்ரோட்டோடு திரும்பினார்கள் — வயல் கிணற்று மோட்டார் காயில் எரிந்துவிட்டதாம். கொடைக்கானலுக்கு வேன் பேசிவைத்த அன்றைக்குப் பார்த்து மாடு கன்று போட்டது. கடலை அவள் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. கடலூரில், மாமனார் அஸ்தியைக் கரைக்கப் போனபோது. மொத்தமே பத்து நிமிஷம்.

"அழுவறதா, அலைய பாக்கறதா... ஒண்ணுமே புரியலடி" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். எனக்கு மனசு ஆறவே இல்லை.

இந்த டிசம்பரில் நான் முடிவெடுத்தேன். என் கார், என் டிரைவிங், என் பிளான். ஐந்து நாள். அக்காவுக்குக் கடலைக் காட்டாமல் திரும்புவதில்லை. மாமா கூப்பிடாமலேயே பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெண்டாட்டியை ஒண்டியாக அனுப்பி வழக்கமில்லையாம்!

பயணத்தில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர். ஏரியோ, ஆறோ, கடலோ... அதன் கரையில் போய் உட்கார வேண்டும். சும்மா உட்கார வேண்டும். செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுகிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது.

முதல் நாள் கல்வராயன் மலை. கொண்டை ஊசி வளைவுகளில் அக்கா கண்ணை மூடவே இல்லை. கரியாலூர் ஏரியில் படகு ஏறினோம். அக்கா ஒரு சுற்று முடிந்து இறங்க மாட்டேன் என்றாள். இன்னொரு சுற்று போனோம். மாமாவோ கரையிலேயே நின்று டிக்கெட் கொடுப்பவரைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு மதகு எந்தப் பக்கம்ங்க? எத்தினி ஏக்கரா பாயுது?"

"பாய்ச்சலெல்லாம் இல்லீங்க. படகு வுடறதுக்குத்தான்."

"படகு வுடறதுக்கா இம்மாந் தண்ணிய நிறுத்தி வெச்சிகினு இருக்கீங்க?!"

அன்று ராத்திரி மழை பிடித்தது. மறுநாளும் விடவில்லை. மலையே ஊறிப்போனது. அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்தாள். மாமா பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போன் போட்டு, "அங்க ஜாஸ்தியா, கம்மியா?" என்று மழையை விசாரித்தார்.

மாமாவைச் சொல்லிக் குற்றமில்லை. நம்மில் எத்தனை பேர் டூர் போகிறோம்? உடம்பு போகிறது, சரி. மனசு? அது வீட்டில் சிலிண்டரை மூடினோமா, பால்காரரிடம் சொன்னோமா என்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. புறப்படுவதற்கு முன்பே, திரும்பி வர எத்தனை மணி ஆகும் என்று கேட்கிற ஜனம் நாம்!

மூன்றாம் நாள் மலை இறங்கி, கள்ளக்குறிச்சி, விருத்தாசலம் வழியாகப் பரங்கிப்பேட்டை வந்து சேர்ந்தபோது பொழுது போய்விட்டது. தூறல் வேறு. கடல் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகு பேசிவைத்திருந்தேன். ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டி ஒரு மணல் திட்டு, ஆளில்லாத குட்டித் தீவு. அதன் அந்தப் பக்கம் முழுக்கக் கடல்.

விடிந்ததும் மழை வெறித்திருந்தது. அக்கா ஏழு மணிக்கே தலை சீவி, புதுச் சேலை கட்டித் தயார். ஆற்றங்கரையில் அந்த டீக்கடை. படகுக்கு இன்னும் அரைமணி நேரம். அப்போதுதான் மாமாவின் போன் அலறியது. அவர் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மறுமுனையில் அவர் தம்பி.

"அண்ணே! ஏரி ரொம்பி கோடி போவுதுண்ணே! ஊரே கரையில நிக்குது. நீ எங்க சுத்திகினு இருக்கிற? வூடு வந்து சேரு!"

மாமா பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "கோடி போவுதா? கோடி போயிடுச்சா!" கண்ணெல்லாம் தண்ணீர்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கம் ஏரி நிரம்பி வழிகிற இடத்துக்குக் கோடி என்று பெயர். அதில் தண்ணீர் வழிந்தால் 'கோடி போவுது' என்போம். அதைவிடச் சந்தோஷமான செய்தி எங்கள் ஊரில் கிடையாது. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் கொண்டுபோய்க் கோடியில் போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். அக்கா ஊரில் முதல் தேங்காய் மாமா குடும்பத்தினுடையது. ஆறேழு வருஷமாக அந்தத் தேங்காய் உடையவில்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் தெரியுமா? அவர் காதில் விழுந்தது 'கோடி போயிடுச்சு' மட்டும்தான். அப்புறம் நடந்ததுதான் நான் முதலில் சொன்னது.

"கார எடும்மா. மத்தியானத்துக்குள்ள போயிடலாம்" என்றார் மாமா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமாவின் மேல்கூட அவ்வளவு இல்லை. அக்காவின் மேல்தான்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம். கூப்பிடு தூரத்தில் கடல் இரைகிறது... இவள் காரைப் பார்த்து நடக்கிறாள்!

"அக்கா, படகு எட்டு மணிக்கு" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

"இன்னா பண்றது சொல்லு. மொதத் தேங்கா எங்க வூட்டுதாச்சே" என்றாள். சொல்லிவிட்டு ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். நின்றாள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, இது இன்னா ஆறுங்க?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

"வெள்ளாறும்மா."

"எங்கேர்ந்து வருது?"

"மேக்கேர்ந்துதான். மணிமுத்தாறு, கோமுகி எல்லாம் இதுலதான் வந்து விழுது. கல்வராயன் மலையில மழை புடிச்சா இங்க இப்படித்தான் செவசெவன்னு வரும்."

அக்கா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "அப்ப எங்க ஏரி கோடித் தண்ணியும் இங்கதான வந்தாவணும்?"

"ஏரிக் கோடியா!" டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "அதச் சொல்லக் கூடாதா சார்? நான் இன்னான்னமோ நெனச்சிட்டேன். குடுங்க குடுங்க, டீக் காச!"

நானும் மாமாவும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவள் மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பஸ்ல போங்க" என்றாள்.

"நானா? அப்ப நீ?"

"நான் வரல. நீங்க போய்த் தேங்கா ஒடைங்க. பூவு, மஞ்சள், குங்குமம் எல்லாம் போட்டு அங்கேர்ந்து அனுப்புங்க. நான் இங்க நின்னு வாங்கிக்கறேன்."

"ஒண்டியாவா?" என்றார் மாமா.

"அதான் தங்கச்சி இருக்காளே."

அவர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சமாதானம் சொல்வேன் என்று. நான் டீ கிளாஸின் அடியைப் பார்த்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மாமா மோசமான மனுஷர் இல்லை. கொஞ்சம் முறைத்தார், கொஞ்சம் முனகினார். "தண்ணிகிட்ட ஜாக்கிரதைடி" என்றார். சிதம்பரம் பஸ் வந்ததும் ஏறினார். ஜன்னலிலிருந்து, "சாப்பாடு?" என்று அவர் கேட்க, "தம்பி வூட்ல சாப்புடுங்க!" என்று அக்கா ரோட்டிலிருந்து கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

எட்டரைக்குப் படகு ஏறினோம். திட்டில் இறங்கி, மணல் மேட்டின் மேல் ஏறினாள் அக்கா. ஏறியவள் நின்றுவிட்டாள். "ஏயப்பா..." என்றாள். அவ்வளவுதான். நான் பக்கத்தில் போகவில்லை. அது அவளுடைய கடல்.

மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். முகத்துவாரத்துப் பக்கமாக நடந்துபோய், சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றாள். அப்போது மாமா போன் செய்தார். தேங்காய் நன்றாக உடைந்ததாம். ஊரே சந்தோஷமாம். பின்னால் பறைச் சத்தம் கேட்டது.

"வசந்தா, தண்ணி அங்க வந்துச்சா? எப்ப கிளம்பற?"

"இன்னும் வரலங்க. வந்தாத்தான கிளம்ப முடியும்" என்றாள் அக்கா.

அவள் கால் இரண்டையும் நனைத்துக்கொண்டு செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.